'கில் எம் ஆல்': மெட்டாலிகாவின் முதல் ஆல்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஹெவி மெட்டல் பேண்ட் மெட்டாலிகாவின் முதல் ஆல்பம் 'கில் எம் ஆல்' 1983 ஜூலை 25 அன்று மெகாஃபோர்ஸ் நிறுவனம் வழியாக வெளிவந்தது. முன்பாதியில் ஆல்பம் உருவான விவரங்கள், எந்தப் பதிப்பை வாங்கலாம் என்பது போன்றவை. கிட்டார், பாஸ், டிரம்ஸ் வாசிக்கிறவர்கள் நேராகப் பின்பாதிக்குப் போகலாம்.

ஆல்பத்தில் யார் யார் வாசித்திருக்கிறார்கள்?

பாட்டும் ரிதம் கிட்டாரும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், லீட் கிட்டார் கிர்க் ஹாமெட், பாஸ் கிளிஃப் பர்ட்டன், டிரம்ஸ் லார்ஸ் உல்ரிக். பதிவு நடந்தபோது ஹெட்ஃபீல்டுக்கும் உல்ரிக்குக்கும் வயது 19, ஹாமெட்டுக்கு 20. மூத்தவர் பர்ட்டன், அவருக்கே 21தான். மொத்தம் 10 பாட்டு, 51 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்.

இதுதான் முதல் த்ராஷ் மெட்டல் ஆல்பமா?

த்ராஷ் என்பது ஹெவி மெட்டலின் வேகமான, முரட்டுத்தனமான வகை. இதை அதன் முதல் ஆல்பமாகத்தான் பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், அதில் தப்பில்லை. மெட்டாலிகாவையும் சேர்த்து 'பிக் ஃபோர்' என்று சொல்லப்படும் நான்கு த்ராஷ் பேண்டுகளில் ஸ்லேயரின் 'ஷோ நோ மெர்சி' 1983 டிசம்பரில் வந்தது, ஆந்த்ராக்ஸின் 'ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் மெட்டல்' 1984 ஜனவரியில், மெகாடெத்தின் முதல் ஆல்பம் 1985ல். ஆனால் வேகமும் முரட்டுத்தனமும் அதற்கு முன்பே இருந்தன. இங்கிலாந்தில் மோட்டார்ஹெட், வெனம், பங்க் பக்கம் டிஸ்சார்ஜ், ரிஃப்களை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளை) அடுக்கும் முறைக்கு டைமண்ட் ஹெட். உல்ரிக் 1981 கோடையில் இங்கிலாந்துக்கே போய் டைமண்ட் ஹெட் ஆட்களோடு தங்கிவிட்டு வந்தவர். பங்கின் வேகத்தை டைமண்ட் ஹெட்டின் நீண்ட பாட்டமைப்புக்குள் கொண்டுவந்ததுதான் இந்த ஆல்பத்தின் புதுமை. ஆறேழு நிமிடப் பாட்டு, அதற்குள் ஐந்தாறு ரிஃப்கள், எல்லாம் ஓட்டமாக. 1983ல் அது கேள்விப்படாத சேர்க்கை.

பெயரும் அட்டைப்படமும் மாறியதாகச் சொல்கிறார்களே?

ஆமாம். முதலில் வைத்த பெயர் 'மெட்டல் அப் யுவர் ஆஸ்'. அட்டையில் கழிப்பறைக் கோப்பைக்குள்ளிருந்து கத்தியோடு ஒரு கை வெளியே நீள்வதாகத் திட்டம். விநியோகஸ்தர்கள் இதைக் கடைகளில் வைக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில், அவர்களைக் குறித்து பர்ட்டன் வாயிலிருந்து வந்த சொல்லே தலைப்பாகிவிட்டது. அட்டையும் மாறியது: தரையில் ரத்தம் தோய்ந்த சுத்தியல், மேலே அதை நழுவவிடும் கையின் நிழல். பழைய அட்டையைவிட இது நன்றாகவே இருக்கிறது, விநியோகஸ்தர்களுக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

டேவ் மஸ்டெயின் இதில் வாசித்திருக்கிறாரா?

இல்லை. ஆனால் அவர் கைபட்ட இசை நிறைய இருக்கிறது. ஹாமெட்டுக்கு முன் லீட் கிட்டார் வாசித்தவர், பின்னாளில் மெகாடெத்தைத் தொடங்கியவர் அவர். 1983 ஏப்ரல் 11 அன்று நியூயார்க்கில் அவரை பேண்டிலிருந்து நீக்கி லாஸ் ஏஞ்சலஸுக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். குடியும் சண்டையும் காரணம். அவர் இடத்துக்கு எக்ஸோடஸ் பேண்டிலிருந்து ஹாமெட் வந்தார். மே 10ல் பதிவு ஆரம்பம் என்பதால் பாட்டுகளைப் பழக அவருக்கு ஒரு மாதம்கூடக் கிடைக்கவில்லை.

'தி ஃபோர் ஹார்ஸ்மென்', 'ஜம்ப் இன் தி ஃபயர்', 'ஃபாண்டம் லார்ட்', 'மெட்டல் மிலிஷியா' ஆகிய நான்கு பாட்டுகளில் மஸ்டெயினுக்கு இணை ஆசிரியர் என்ற பெயர் உண்டு. பல சோலோக்களை ஹாமெட் மஸ்டெயின் வாசித்த மாதிரியே தொடங்கி, பிறகு தன் வழியில் கொண்டுபோகிறார். டெமோவையும் (ஆல்பத்துக்கு முன் எடுத்த மாதிரிப் பதிவு) ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் எந்த இடத்தில் கை மாறுகிறது என்பது காதுக்கே தெரியும்.

'தி ஃபோர் ஹார்ஸ்மென்', மெகாடெத்தின் 'மெக்கானிக்ஸ்' இரண்டும் ஒரே பாட்டா?

ஒரே வேர், இரண்டு கிளை. மஸ்டெயின் கொண்டுவந்த பாட்டு 'தி மெக்கானிக்ஸ்'. பெட்ரோல் பங்கை வைத்து இரட்டை அர்த்தத்தில் எழுதிய வரிகள். அவர் போனதும் ஹெட்ஃபீல்ட் வரிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, பைபிளில் வெளிப்படுத்தின விசேஷம் 6ஆம் அதிகாரத்தில் வரும் நான்கு குதிரைக்காரர்களை வைத்துப் புதிதாக எழுதினார். நடுவில் வேகம் தணிந்து மெலடியான ஒரு பகுதியும் சேர்ந்தது. மொத்தம் 7 நிமிடத்துக்கு மேல் ஓடும். மஸ்டெயின் 1985ல் மெகாடெத்தின் முதல் ஆல்பத்தில் பழைய வரிகளோடு, அந்த நடுப்பகுதி இல்லாமல், இதைவிடப் பல மடங்கு வெறியோடு 'மெக்கானிக்ஸ்' என்று வெளியிட்டார்.

கவனித்துக் கேட்டால் இன்னொன்றும் பிடிபடும். ஹெட்ஃபீல்டின் நால்வர் காலம், பஞ்சம், கொள்ளைநோய், மரணம். பைபிளில் வரும் போர் இந்தப் பட்டியலில் இல்லை.

எங்கே, எத்தனை நாளில், எவ்வளவு செலவில் பதிவு செய்தார்கள்?

நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டர் நகரில் மியூசிக் அமெரிக்கா ஸ்டுடியோ. 1983 மே 10 முதல் 27 வரை. தயாரிப்பாளர் பால் கர்சியோ, ஒலிப்பதிவாளர் கிறிஸ் புபாக்ஸ். செலவு சுமார் 15,000 டாலர். பணம் போட்டவர் ஜான் ஜசூலா. அவரும் மனைவி மார்ஷாவும் நியூ ஜெர்சியில் ஒரு சந்தைக்குள் 'ராக் அண்ட் ரோல் ஹெவன்' என்ற இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர்கள். மெட்டாலிகாவின் டெமோ கேசட் கைக்கு வந்ததும் எந்தப் பெரிய நிறுவனமும் அதைத் தொட முன்வராததால் தாங்களே மெகாஃபோர்ஸைத் தொடங்கிவிட்டார்கள்.

ஸ்டுடியோ இருந்தது பழைய மாளிகை போன்ற ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில். டிரம்ஸை மட்டும் மாடியில் இருந்த பெரிய நடனக் கூடத்தில் வைத்தார்கள். டிரம்ஸில் கேட்கும் அந்தக் கூடத்து எதிரொலிக்கு இதுதான் காரணம்.

பின்னால் வந்த ஆல்பங்களோடு ஒப்பிட்டால் ஒலி ஏன் இவ்வளவு மெலிந்து, கூர்மையாகக் கேட்கிறது?

காரணம் பல. முதலாவது பணமும் நாளும் குறைவு. இரண்டாவது, தயாரிப்பாளருக்கும் பேண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. மிக்ஸிங்கில் (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை ஒன்றாகக் கலப்பதில்) பேண்டுக்குப் பெரிதாக இடம் கிடைக்கவில்லை. முதல் மிக்ஸில் டிரம்ஸ் மேலேறி கிட்டார் அமுங்கிப்போனது. ஜசூலா அதை ஏற்காமல் புபாக்ஸை வைத்துத் திரும்ப மிக்ஸ் செய்ய வைத்தார். இன்று நாம் கேட்பது அந்த இரண்டாவது மிக்ஸ்.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. இசைத்தட்டின் முதல் பக்கத்தில் ஆறு பாட்டு, ஏறக்குறைய 28 நிமிடம். ஒரு பக்கத்தில் இவ்வளவு நேரத்தை அடைத்தால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். அப்போது சத்தத்தையும் அடி ஒலியையும் குறைக்காமல் வழியில்லை. பழைய தட்டு வைத்திருப்பவர்கள் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக் கேளுங்கள். ஸ்பீக்கரில் பாஸைக் கூட்டினால் கிட்டார் குழம்பும், அதனால் அதில் கை வைக்க வேண்டாம்.

பாஸ் சோலோ தொடக்கத்தில் பேசுவது யார்?

புபாக்ஸ். 'பாஸ் சோலோ, டேக் ஒன்' என்று அவர் அறிவிப்பதை அப்படியே விட்டுவிட்டார்கள். பாட்டின் பெயர் 'அனஸ்தீசியா, புல்லிங் டீத்', நீளம் 4 நிமிடம் 15 நொடி. டிஸ்டார்ஷனும் வா பெடலும் போட்ட ஒற்றை பாஸ். டிரம்ஸ் பின்னால்தான் வந்து சேரும். இது முடிந்த கையோடு 'விப்லாஷ்' பாயும். இந்த இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். செயலியில் ஷஃபிள் போட்டால் இந்த இணைப்பு போய்விடும்.

ஆல்பத்துக்கு முந்தைய டெமோ எது? கேட்கக் கிடைக்குமா?

'நோ லைஃப் டில் லெதர்', 1982 ஜூலை. ஏழு பாட்டு. ஏழும் பிறகு இந்த ஆல்பத்தில் வந்தன, 'தி மெக்கானிக்ஸ்' பெயரும் வரிகளும் மாறி. டெமோவில் லீட் மஸ்டெயின், பாஸ் ரான் மக்கோவ்னி. கேசட்டுக்குக் கேசட் நகல் எடுத்து, தபாலில் மாற்றிக்கொண்டே இது அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றியது. 2015ல் இசைத்தட்டுக் கடைகளுக்கான நாளான ரெக்கார்ட் ஸ்டோர் டேவுக்காக மெட்டாலிகாவே இதைக் கேசட்டாக வெளியிட்டது.

அதற்கும் முன்பு, 1982ல் 'மெட்டல் மாசக்கர்' என்ற தொகுப்பில் 'ஹிட் தி லைட்ஸ்' வந்திருக்கிறது. அதன் முதல் அச்சில் பேண்டின் பெயரிலேயே எழுத்துப் பிழை, 'டி' ஒன்று கூடுதல். அந்த அச்சு கைக்குக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

எந்தப் பதிப்பை வாங்குவது?

கேட்க மட்டும் என்றால் 2016 ரீமாஸ்டர் (ஒலியைச் செம்மைப்படுத்திய மறுபதிப்பு) போதும். 10 பாட்டு, மூல வரிசை. அதே ஆண்டு வந்த பெரிய பெட்டிப் பதிப்பில் பழைய மேடைப் பதிவுகளும் உண்டு. அது சேகரிப்பாளர்களுக்கு.

பழைய தட்டு வாங்குகிறவர்கள் விற்பவர் சொல்லும் 'ஒரிஜினல்' என்ற வார்த்தையை நம்பாமல், அட்டையின் முதுகிலும் தட்டின் நடு லேபிளிலும் உள்ள எண்ணைப் பாருங்கள். அமெரிக்க மெகாஃபோர்ஸ் அச்சுக்கு எம்.ஆர்.ஐ. 069, இங்கிலாந்தின் மியூசிக் ஃபார் நேஷன்ஸ் அச்சுக்கு எம்.எஃப்.என். 7. 60766 என்ற எண் இருந்தால் அது எலெக்ட்ரா நிறுவனத்தின் 1988 மறுபதிப்பு. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கடைசியில் 'ஆம் ஐ ஈவில்', 'பிளிட்ஸ்கிரீக்' என்று கூடுதலாக இரண்டு பாட்டு இருக்கும். இரண்டுமே வேறு பேண்டுகளின் பாட்டுகள், 1984ல் ஒரு சிங்கிளின் (ஒரு பாட்டை முன்னிறுத்தும் சிறு தட்டின்) பின்பக்கத்தில் வந்தவை. 'மெட்டல் மிலிஷியா'வின் அணிவகுப்புக் காலடியோடும் துப்பாக்கிச் சத்தத்தோடும் ஆல்பம் முடிவதுதான் முறை. அதற்குப் பிறகு அவற்றை ஒட்டவைத்தது எங்களுக்கு ஒப்பவில்லை. 1998ல் வந்த 'கராஜ் இங்க்' தொகுப்பில் அவை இருக்கின்றன, அங்கே பொருந்துகின்றன.

1984ன் 'ஜம்ப் இன் தி ஃபயர்' சிங்கிளை மேடைப் பதிவுக்காக வாங்க வேண்டாம். அதில் 'லைவ்' என்று போட்டிருக்கும் 'ஃபாண்டம் லார்ட்', 'சீக் அண்ட் டெஸ்ட்ராய்' இரண்டும் ஸ்டுடியோவில் எடுத்து, மேலே கூட்டத்தின் சத்தத்தை ஒட்டியவை.

வந்தபோதே ஓடியதா?

இல்லை. முதல் அச்சு 15,000 பிரதிகள். பில்போர்டு 200 என்ற அமெரிக்க ஆல்பப் பட்டியலுக்குள்ளேயே 1986ல், மூன்றாவது ஆல்பம் பெயர் வாங்கிக் கொடுத்த பிறகுதான் நுழைந்தது, அதுவும் 155ஆம் இடம். 1988 மறுபதிப்பு 120 வரை ஏறியது. 1999ல் அமெரிக்காவில் 30 லட்சம் பிரதிக்கான சான்று கிடைத்தது.

கிட்டாரில் எந்தப் பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்?

'சீக் அண்ட் டெஸ்ட்ராய்'. முதன்மை ரிஃப்பின் வேகம் நிமிடத்துக்கு 140 அடிக்குப் பக்கம், மூச்சு விட நேரம் கிடைக்கும். நடுவில் சோலோவுக்கு முன் வேகம் கூடும். அந்த இடம் வரும்வரை வாசித்து நிறுத்திக்கொண்டாலும் நல்ல பயிற்சிதான். அடுத்து 'ஜம்ப் இன் தி ஃபயர்', பிறகு 'மோட்டார்பிரெத்', 'தி ஃபோர் ஹார்ஸ்மென்'. 'விப்லாஷ்' கடைசி. அதன் வேகம் 200ஐத் தொடும். முதல் வாரமே அதில் கை வைத்தால் மணிக்கட்டு வலிதான் மிஞ்சும்.

வேகம் வருகிறது, ஆனால் ஆல்பத்தில் உள்ள அந்த வெட்டு வரவில்லை. ஏன்?

மேலும் கீழுமாகப் பிக் அடிக்கிறீர்கள் என்பதால் இருக்கலாம். ஹெட்ஃபீல்ட் முடிந்த இடமெல்லாம் கீழ்நோக்கி மட்டுமே அடிப்பவர். கீழடியில் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே கனத்தில் விழும். மேலடி கலந்தால் ஒன்று விட்டு ஒன்று மெலிந்துபோகும். த்ராஷ் ரிதமின் குணமே வலது கையில்தான் இருக்கிறது. பெடலும் ஆம்பும் அப்புறம்.

பழகும் முறை இது. பிக் 0.88 முதல் 1.14 மி.மீ. வரை, நுனி மட்டும் அரை சென்டிமீட்டர் வெளியே தெரியட்டும். மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவியை) 100ல் வைத்து, அடிக்கு இரண்டு ஸ்வரம் என்று தாழ் ஈ கம்பியில் கீழடி மட்டும், ஒரு நிமிடம் நிறுத்தாமல். எல்லா ஸ்வரமும் ஒரே சத்தத்தில் வந்தால் மட்டும் 4 அடி கூட்டுங்கள். முன்கை இறுகினால் அங்கேயே நிறுத்தி, 10 அடி குறைத்துத் திரும்பத் தொடங்குங்கள். அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும், முழங்கையிலிருந்து அல்ல. அடித்த பிறகு பிக் அடுத்த கம்பியைத் தாண்டிப் போனால் அசைவு பெரிது என்று அர்த்தம். வேகம் 150ல் முட்டி நிற்பதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

பாம் மியூட்டிங்கில் (உள்ளங்கையால் கம்பியின் ஒலியை அடக்குவதில்) உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜின் மேலேயே, கம்பி அதை விட்டுப் புறப்படும் இடத்தில் உட்கார வேண்டும். ஒரு சென்டிமீட்டர் முன்னால் வந்தாலும் 'டொக்' என்று செத்த சத்தம்தான் வரும், சுருதி தெரியாது. அழுத்தினால் சுருதி மேலேறும், மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் இன்னும் மோசமாக. கையை வையுங்கள், அமுக்காதீர்கள்.

ஆம்ப் எப்படி வைப்பது?

டிஸ்டார்ஷனை நினைப்பதைவிடக் குறைவாக. பதிவில் இருப்பது மாற்றியமைத்த மார்ஷல் ஆம்பின் ஒலி. (அந்த ஆம்ப் 1984 ஜனவரியில் பாஸ்டனில் மற்ற சாமான்களோடு திருடுபோய்விட்டது.) மார்ஷல் வகை ஆம்ப் அல்லது அதன் மென்பொருள் மாதிரியில் கெயின் (டிஸ்டார்ஷனின் அளவு) 10க்கு 6, பாஸ் 4, மிட் 6, ட்ரெபிள் 6 என்று தொடங்கலாம். மிட்டை முழுசாக வெட்டுவது பின்னாளைய பழக்கம், இந்த ஆல்பத்துக்கு ஒத்துவராது. கெயின் 8, 9 போனால் வீட்டில் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும். டிரம்ஸோடு சேர்ந்ததும் ரிஃப் இரைச்சலாகிவிடும், நிறுத்த வேண்டிய இடத்தில் கம்பி நிற்காது.

சுருதி வழக்கமான ஈ டியூனிங். டியூனரில் சரியாக வைத்தும் பாட்டோடு ஒட்டாதது போலத் தோன்றினால் காதைச் சந்தேகப்பட வேண்டாம். பாட்டில் திறந்த ஈ கம்பி ஒலிக்கும் ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, அதற்கேற்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ரெக்கார்ட் செய்தால் கிட்டார் ஒல்லியாக வருகிறதே?

ஒரே ரிதமை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழுக்க இடது பக்கமும் மற்றதை முழுக்க வலது பக்கமும் தள்ளுங்கள். ஒருமுறை வாசித்ததை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் பலன் இல்லை; இரண்டும் அச்சு ஒன்று என்பதால் காதுக்கு நடுவில்தான் கேட்கும். இரண்டு வாசிப்புக்கும் இடையிலுள்ள மில்லி நொடி வித்தியாசம்தான் அந்த அகலத்தைத் தருகிறது. ஆனால் வித்தியாசம் அதிகமானால் மியூட் செய்யும் இடங்கள் இரட்டையாகக் கேட்கும். அப்படிக் கேட்டால் அந்த நான்கு பாரை மட்டும் திரும்ப எடுங்கள். ஒவ்வொரு டிராக்கிலும் கெயினை இன்னும் ஒரு புள்ளி குறைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பாஸுக்கும் கிக் டிரம்முக்கும் இடம் கிடைக்கும்.

பர்ட்டனின் பாஸ் ஒலியைக் கொண்டுவர என்ன வேண்டும்?

அவர் வாசித்தது பிக்கப் மாற்றிய ரிக்கன்பேக்கர் 4001, பிக் இல்லாமல் விரலால். டிஸ்டார்ஷனும் வா பெடலும் இருந்தால் நெருங்கிவிடலாம். கிட்டாருக்கான டிஸ்டார்ஷன் பெடலை நேரடியாகப் போட்டால் அடி ஒலி காணாமல்போகும். சுத்த ஒலியையும் கலந்துகொடுக்கும் பிளெண்ட் குமிழ் உள்ள பெடலாகப் பாருங்கள்.

டிரம்ஸ்?

மையமாக வருவது ஸ்னேரும் கிக்கும் மாறிமாறி விழும் ஓட்டத் தாளம். 120ல் தொடங்கி, ஹை-ஹாட்டை அடிக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டால் வேகம் சுலபமாக ஏறும். உல்ரிக் இந்த ஆல்பத்தில் கடிகாரம் மாதிரி வாசிக்கவில்லை, உற்சாகத்தில் முன்னால் தள்ளுகிறார். கிளிக் டிராக்கோடு (மாறாத வேகத்தில் தட்டும் தாள ஒலியோடு) கவர் எடுத்தால் பாட்டோடு பொருந்தாமல் போவது அதனால்தான்.

வீட்டில் 'சாத்தான் பாட்டு' என்கிறார்கள். உண்மையா?

'ஜம்ப் இன் தி ஃபயர்' பாட்டில் பேசுகிறவன் சாத்தான்தான். மனிதர்கள் ஒருவரையொருவர் கொல்வதைப் பார்த்துத் தன்னிடம் வருவார்கள் என்று காத்திருக்கிறான். வழிபாடு எதுவும் இல்லை. மிச்சமுள்ளவை போர், வேகம், மேடை, தலையாட்டும் கூட்டம். 'விப்லாஷ்' முழுக்கக் கச்சேரியில் கழுத்து சுளுக்குவதைப் பற்றியது.

அடுத்து எதைக் கேட்பது?

மெகாடெத்தின் 'கில்லிங் இஸ் மை பிசினஸ்', ஸ்லேயரின் 'ஷோ நோ மெர்சி'. அவற்றுக்கு முன் எக்ஸோடஸின் 'பாண்டட் பை பிளட்'. ஹாமெட் விட்டுவந்த பேண்ட் அவர் இல்லாமல் 1984ல் பதிவு செய்தது, தாமதமாகி 1985ல்தான் வெளிவந்தது. அந்தத் தாமதம் இல்லையென்றால் இன்று இந்தக் கேள்விகளில் பாதி அவர்களைப் பற்றியதாக இருந்திருக்கலாம்.